பிப்ரவரி முப்பதில் பிறந்த நாயும், சொன்ன தேதியில் வராத மச்சினரும்

தேதி: மே மாதம் நான்காம் நாள். (எழுத்தால் எழுதியிருக்கிறேன். எண்ணால் எழுதினால் இந்த இடத்தில் யாரோ மாற்றிவிடுகிறார்கள்.)

மதிப்பிற்குரிய மச்சினர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அக்கா, அவள் ஆஸ்பத்திரிக்கு வரும் நாய், பூனை, கிளி, ஆமை உள்பட அனைவரும் நலம். உங்கள் நலத்தையும் விசாரிப்பது வழக்கம் என்பதால் விசாரிக்கிறேன். பதிலை எதிர்பார்த்து அல்ல. இத்தனை வருஷமாக 'நீ, வா, போ' என்று எழுதிக்கொண்டிருந்தவன் இன்று 'நீங்கள்' போட்டு எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். அது மரியாதை இல்லை. கோபம்.

இது நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம். இனி உங்களுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை வேண்டாம், போக்குவரத்து வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. தபாலில் போட்டுவிட்டுச் சொல்வதாக இருக்கிறேன். ஆனால் ஆதாரம் இல்லாமல் ஒருவரை ஒதுக்கிவைப்பவன் நான் அல்ல. ஓய்வு பெறும்வரை சரக்குக் கிடங்குகளில் தணிக்கை பார்த்தவன். அடுத்தவன் எண்ணி முடித்ததைத் திரும்ப எண்ணுவதுதான் நான் தின்ற சோறு. ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எந்த இடத்தில் உங்களுக்கு முகம் வெளுக்கிறது என்று நீங்களே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பிராணிக்கும் ஓர் அட்டை உண்டு. பெயர், பிறந்த தேதி, போட்ட ஊசி, அடுத்த ஊசிக்கான தேதி, எல்லாம் அதில் இருக்கும். அட்டைகள் பிஸ்கட் டப்பாக்களில் இருந்தன. டப்பாக்கள் அலமாரியில் இருந்தன. அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. யாருக்கு என்ன குறை? "அத்தான், இந்தக் காலத்துல அட்டையெல்லாம் எதுக்கு? எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம். எந்த நாய்க்கு எப்ப ஊசின்னு அதுவே பாத்து மெசேஜ் அனுப்பிடும், நீங்க காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கலாம்" என்று வெளிநாட்டிலிருந்து போனில் தேன் தடவிப் பேசியது நீங்கள்தான். உங்கள் கையாலேயே செய்த மென்பொருள், அக்காவுக்கு அன்பளிப்பு என்றீர்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் இங்கே தொழிலே; இருந்தும் நான் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் என் பிழை.

அட்டைகளைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தது வரவேற்பில் உட்காரும் பெண். அவளுக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் கமுக்கம். கேட்டால் மட்டும் பேசுவாள், சிரிக்க மாட்டாள். கேட்டால் மட்டும் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. (கேட்காமலே பேசுகிறவர்களையும் நம்புவதில்லை, அது வேறு விஷயம்.) அதனால் பழைய பழக்கப்படி ஒரு பொறி வைத்தேன். கிடங்குத் தணிக்கைக்குப் போகும்போது இல்லாத மூட்டை ஒன்றைக் கணக்கில் நுழைத்துவைப்பேன். எண்ணிப் பார்க்காமல் 'சரி' போடுகிறவன் அதில் மாட்டுவான். அதேபோல இல்லாத நாய் ஒன்றுக்கு அட்டை எழுதி டப்பாவின் நடுவில் செருகினேன். நாயின் பெயர் சாட்சி. பிறந்த தேதி பிப்ரவரி முப்பது. கமுக்கம் அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "சார், பிப்ரவரில முப்பது ஏது?" என்றாள். நான் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அட்டையில என்ன இருக்கோ அதை அடிம்மா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய் அடித்தாள். அவள் பொறியில் விழுந்தாளா தப்பித்தாளா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு நீங்கள் போனில் சொல்லச் சொல்ல நான் பொத்தானை அழுத்தினேன். திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றியது, திடீரென்று சிவப்பில் 'தேதி செல்லாது, ஏற்றுவது நிறுத்தப்பட்டது' என்று வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு நாய்கூட உள்ளே போகவில்லை. நீங்கள் அங்கிருந்தபடியே என்னத்தையோ துழாவிப் பார்த்துவிட்டு, "அத்தான், யாரோ பிப்ரவரி முப்பதுன்னு போட்டிருக்காங்க, அதுலதான் இடிச்சுக்கிட்டு நிக்குது. எவன் அந்த அறிவாளி?" என்று சிரித்தீர்கள். பொறி என் ரகசியம் என்பதால், "அதானே, எவனா இருக்கும்?" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தேனே தவிர, அன்றே மனதில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. இத்தனை அட்டைகளுக்கு நடுவில் நான் ஒளித்துவைத்ததை உலகத்தின் மறுகோடியிலிருந்து ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற ஆள் இன்னும் எதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்?

சாட்சியை நீக்கிவிட்டு, இனி ஏதாவது இடித்தால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மேலே போகும்படி நீங்கள் மாற்றியதும், மறுபடி அழுத்தினோம். இந்த முறை பச்சை. நான் அப்பாடா என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், பாதிக்கு மேல் பிராணிகளை இயந்திரம் வாசலிலேயே நிறுத்தி வெளியே தள்ளியிருக்கிறது. உள்ளே போனவற்றிலாவது ஒழுங்கு உண்டா? சிலவற்றுக்குப் பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இலக்கத்தில் ஓர் எண் நிற்கிறது. குறியீடு! எதிர்த் தெருவில் புதிதாகத் திறந்திருக்கிறானே ஒரு பிராணி ஆஸ்பத்திரி, அவனுக்கு இங்கிருந்து தகவல் போகிறது என்று எனக்கு உடனே பொறி தட்டியது. அந்த எண்களில் ஒன்றைப் போனில் அழுத்திப் பார்த்தேன். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்றது. நான் கண்டுபிடித்ததும் அவசரமாகத் துண்டித்துவிட்டார்கள், பார்த்தீர்களா? உங்களிடம் சொன்னால், "அதுவும் தேதிதான் அத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துலேர்ந்து எத்தனையாவது நாள்னு கம்ப்யூட்டர் எண்ணி வெச்சிருக்கு" என்றீர்கள். போன வருஷம் பிறந்த பூனைக்கு அதன் பாட்டன் முப்பாட்டன் பிறப்பதற்கு முன்னாலிருந்து யாராவது நாள் எண்ணுவார்களா? காதில் பூ சுற்றுவதற்கும் ஓர் அளவு இல்லையா?

அது போகட்டும். தெருவிலிருந்து தூக்கிவந்த குட்டிகளுக்குப் பிறந்த தேதி தெரியாது, அட்டையில் காலியாக விட்டிருந்தோம். அத்தனைக்கும் இயந்திரம் எழுபதாம் வருஷம் ஜனவரி ஒன்று என்று ஒரே தேதியைப் போட்டுவைத்திருக்கிறது, நம் காலத்து வாத்தியார்கள் பள்ளியில் சேர்க்கும்போது வகுப்புக்கே ஒரே பிறந்த நாளைப் போட்டதைப் போல. இன்னொரு பக்கம் ஆமை. அந்த ஆமையின் சொந்தக்காரர் தையல்காரர். அட்டையில் வருஷத்தை 'ஐம்பத்தொன்று' என்று சுருக்கமாக எழுதியிருந்தோம். அதை இயந்திரம் இரண்டாயிரத்து ஐம்பத்தொன்று என்று எடுத்துக்கொண்டது. ரசீதில் 'வயது: கழித்தல் இருபத்தைந்து' என்று அச்சாகி வந்தது. தையல்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "எங்கப்பா காலத்துலேர்ந்து இது எங்க வீட்ல இருக்கு. இன்னும் பொறக்கவே இல்லைங்கறீங்களே, அப்ப தொட்டியில இருக்கறது யாரு?" என்றார். அவர் கொண்டுவந்த தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அதுவும் கழுத்தை நீட்டி என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தது.

இதற்கு மேல்தான் கூத்தே. இயந்திரம் தன் போக்கில் ஊருக்கெல்லாம் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தது. 'ஊசித் தவணை தவறிவிட்டது, உடனே வரவும்' என்று முதல் நாளே ஒரு கூட்டத்தை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. விசாரித்தால் ஒருவருக்கும் தவணை தவறவில்லை. ஒரு நாய் முந்தின வாரம்தான் ஊசி போட்டுக்கொண்டு போயிருந்தது. அது என்னைப் பார்த்ததுமே நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. உண்மையாகவே ஊசி போட வேண்டியவை வீட்டில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பன்னிரண்டாம் தேதிவரை இந்த அமளி. பதின்மூன்றிலிருந்து மாதக் கடைசிவரை ஒரு ஜீவன் எட்டிப் பார்க்கவில்லை, நானும் கமுக்கமும் உட்கார்ந்து ஈ ஓட்டினோம்.

நான் சும்மா இருப்பேனா? அட்டைகளை எடுத்துக்கொண்டு இயந்திரத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். உங்கள் சூழ்ச்சியின் சூத்திரம் பிடிபட்டது. பன்னிரண்டாம் தேதிக்கு மேற்பட்ட தேதி எதுவானாலும் வெளியே தள்ளியிருக்கிறீர்கள். பன்னிரண்டுக்குள் இருப்பதை உள்ளே விட்டு, தலையைக் காலாகவும் காலைத் தலையாகவும் மாற்றிவைத்திருக்கிறீர்கள்: ஏப்ரல் மூன்று, மார்ச் நான்காகிவிட்டது. கிடங்குத் திருடர்கள் இரண்டு மூட்டைகளின் சீட்டை மாற்றி ஒட்டுவார்களே, அதே வேலை. இதில் கொடுமை என்னவென்றால், ஜூலை ஏழாம் தேதி பிறந்த நாய் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் யாரும் தொடவில்லை! ஏழாம் மாதம் ஏழாம் தேதி என்று அப்படியே பத்திரமாக இருக்கிறது. அது மூலைக்கடை மருந்துக்காரருடைய நாய். ஊரெல்லாம் பற்றி எரியும்போது ஒரு வீடு மட்டும் ஏன் எரியவில்லை என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அவரும் உங்கள் கூட்டு. அன்றிலிருந்து அவர் கடையில் தலைவலி மாத்திரைகூட வாங்குவதில்லை.

இதையெல்லாம் உங்கள் அக்காவிடம் விளக்கினேன். அவள் ஒரு பூனையின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "எப்பப் பாத்தாலும் மனுஷங்களயே சந்தேகப்படறீங்களே, ஒரு தடவை அந்தத் தேதியச் சந்தேகப்பட்டுப் பாருங்களேன்" என்றாள். தேதி என்ன செய்யும், பாவம்? அதற்குக் கையா காலா?

உங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது நினைவிருக்கிறதா? "அது சின்ன விஷயந்தான் அத்தான். நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க." தடயத்தைத் தொடாதே என்று சொல்வது போலீஸ்காரர், இல்லையென்றால் குற்றவாளி. நீங்கள் போலீஸ்காரர் இல்லை.

அடுத்த வாரம் உங்களிடமிருந்து ஒரு மெசேஜ். '5/4 காலை விமானத்துல வர்றேன். அக்காகிட்ட சொல்லிடுங்க.' அவ்வளவுதான். நான் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

இனி வருவதைச் சந்தேகத்தில் எழுதவில்லை, ஆத்திரத்தில் எழுதுகிறேன். நீங்கள் இங்கிருந்து போன பிறகு உங்கள் மாடி அறையில் மூட்டை கட்டிப் போட்டிருந்ததையெல்லாம் உங்கள் அக்கா தனியாளாக இறக்கினாள். என்னைத் தொட விடவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், திரைச்சீலை துவைத்துப் போட்டாள். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கும் என்று பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகாதவள், ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறி இறங்கினாள் தெரியுமா? ஏப்ரல் ஐந்தாம் தேதி ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு விமான நிலையத்துக்குப் போனோம். எனக்குத் தெரிந்து அவள் பகலில் ஆஸ்பத்திரியைப் பூட்டியது அன்றைக்கு மட்டும்தான். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். வந்தவர்களெல்லாம் யார் யாருக்கோ தம்பி. கடைசியில் பெட்டி வண்டிகளை அடுக்குகிற ஆள் வந்து, "அந்த விமானத்துல இனிமே யாரும் வர மாட்டாங்கம்மா" என்றார். திரும்பி வரும்போது வண்டியில், "அவனுக்கு ஏதாவது வேலை வந்திருக்கும்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் மேலே போய் அறையைப் பூட்டிவிட்டு வந்து, யாரோ தூக்கிவந்த முயலுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று கேட்கிறாயா? அழுதிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்டா.

அதன் பிறகு நீ எத்தனையோ தடவை கூப்பிட்டாய். அவள் எடுக்கவில்லை, என்னையும் எடுக்க விடவில்லை. "வராதவன்கிட்ட என்ன பேச்சு?" அவ்வளவுதான். வீம்பு உங்கள் குடும்பச் சொத்து, அதில் மட்டும் பங்கு பிரிக்காமல் ஆளுக்கு முழுசாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே என் முடிவு இது. இந்த ஆஸ்பத்திரித் தேதிகளைக் கலைத்தது நீங்கள். (மறுபடி நீங்கள்.) காரணமும் எனக்குத் தெரியும். இங்கே எல்லாம் நாசமானால் உங்கள் அக்கா ஆஸ்பத்திரியை மூடிவிட்டு உங்களோடு வந்து இருப்பாள் என்று கணக்குப் போட்டீர்கள். நேரில் வந்தால் என் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று கடைசி நேரத்தில் பயந்து நின்றுவிட்டீர்கள். கமுக்கமும் மருந்துக்காரரும் உங்கள் கையாட்கள். ஆமையைப் பற்றி மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. உங்கள் பழைய சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும். இனி கடிதமும் வேண்டாம், போனும் வேண்டாம், அன்பளிப்பும் வேண்டவே வேண்டாம்.

ஆசி சொல்ல எனக்கு வயது இருக்கிறது, மனம் இல்லை. ஆனாலும் பெரியவன் எழுதிய கடிதம் வாழ்த்தில்லாமல் முடிந்தால் நன்றாக இருக்காது. நோய்நொடி இல்லாமல், வேலைக்கு ஒரு குறைவும் வராமல், நூறு வயது நன்றாக இருங்கள். அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு,
இதுநாள்வரை உங்கள் அத்தானாக இருந்தவன்

பின்குறிப்பு:

உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. எதிர்த் தெரு ஆஸ்பத்திரிக்காரன் ஆள் அனுப்பியிருக்கிறான் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெட்டியோடு நீ இறங்கினாய்.

"என்ன அத்தான், ஏர்போர்ட்டுக்கு ஒருத்தரையும் காணோம்?" என்றாய். நான் உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து உன் அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். வந்தவள் உன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஏப்ரல் அஞ்சாந்தேதி வர்றேன்னு சொல்லிட்டு, ஒரு மாசமா எங்கடா போயிருந்தே?" என்றாள். நீ திருதிருவென்று விழித்தாய். "ஏப்ரலா? மே நாலுன்னுல்ல சொன்னேன்! எங்க ஊர்ல மாசத்தத்தான் முதல்ல போடுவோம்." அதைச் சொல்லி முடிக்கும்போதே உன் முகம் மாறிவிட்டது. "ஐயோ அத்தான்! நான் எழுதின புரோகிராமும் மாசத்தத்தானே முதல்ல எடுத்துக்கும்!" வரவேற்பு மேஜையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கமுக்கம் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நீ நின்றபடியே தேதிக்கு ஒரு வரியையும் ஆமையின் வருஷத்துக்கு இன்னொரு வரியையும் மாற்றினாய். தலை தலையாகவும் கால் காலாகவும் ஆகிவிட்டன. வெளியே நின்ற பிராணிகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன, ஆமை பிறந்துவிட்டது. மருந்துக்காரரிடம் போய்த் தலைவலி மாத்திரை வாங்கிவந்தேன், தலைவலியும் இருந்தது. இதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடலாம் என்று பார்த்தேன், இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. நீ மாடியில் உன் அறையில் பகல் தூக்கம் போடுகிறாய். உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் இதை வைத்துவிடுகிறேன், ஊருக்குப் போய்ப் பிரித்துப் படித்துச் சிரி. பிப்ரவரி முப்பது நாய் யாருடையது என்று மட்டும் அக்காவிடம் சொல்லிவிடாதே. கமுக்கம் இதுவரை சொல்லவில்லை. அந்தப் பெண்ணை நான் இனி முழுசாக நம்புகிறேன்.

பெட்டியைத் திறந்தபோது (சோதனை போடவில்லை, தானாகக் கண்ணில் பட்டது) பயண அலுவலகக்காரர் பேனாவால் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்தேன். 'திரும்புவது: 6/5'. எழுதியவர் உங்கள் ஊர்க்காரரா, நம் ஊர்க்காரரா என்று அதில் இல்லை. உன் ஊர் முறை என்றால் ஜூன் ஐந்து. நம் முறை என்றால் நாளை மறுநாள். உன்னை எழுப்பிக் கேட்டால் தெரிந்துவிடும். படிக்கட்டுவரை போனேன். உன் அக்கா துவைத்த திரைச்சீலையையே மறுபடி துவைத்து எடுத்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, என்னத்தையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு. "எத்தனை நாள் இருப்பானாம், கேட்டீங்களா?" என்றாள். ஜூன் வரைக்கும் என்று சொல்லிவிட்டேன். எதையும் திரும்ப எண்ணாமல் நான் 'சரி' போட்டது இதுதான் முதல் தடவை.

ஒருவேளை நாளை மறுநாளே பெட்டியைக் கட்டும்போது இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்தால், அவசரப்பட்டு வண்டிக்குச் சொல்லாதே. வாசல் கேட் பூட்டியிருக்கும். சாவி என் இடுப்பில் இருக்கிறது.